கூம்புக்கு நான் போட்ட கோடு

நான் அதிகம் பேசாதவள். வகுப்பில் டீச்சர் கேள்வி கேட்டால், பதில் தெரிந்திருந்தாலும் தாவணி நுனியைத் திருகிக்கொண்டு நிற்பேன். எல்லோரும் அதை அடக்கம் என்று சொன்னார்கள். பேச வேண்டிய இடத்தில் பேசாமல் இருந்ததையும் அதோடு சேர்த்துக்கொண்டு நானும் இத்தனை வருஷம் ஓட்டிவிட்டேன்.

எண்பதுகளின் தொடக்கத்தில் சங்கரன்கோவிலில் பத்தாவது படித்தேன். கணக்கு எனக்கு வரிவரியாக மனதில் ஏறாது. ஒரு சூத்திரத்தைப் பத்துத் தடவை எழுதிப் பார்த்தாலும் மறுநாள் உருளைக்கு உரியது கோளத்துக்குப் போயிருக்கும். ஒருநாள் பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில், நடுவில் ஒரு வட்டம் போட்டு அதற்குள் ‘கன உருவங்கள்’ என்று எழுதினேன். அதிலிருந்து உருளைக்கு ஒரு கோடு, கூம்புக்கு ஒரு கோடு, கோளத்துக்கு ஒரு கோடு இழுத்தேன். எங்கள் பஸ் ஸ்டாண்டிலிருந்து புளியங்குடிக்கும் ராஜபாளையத்துக்கும் கழுகுமலைக்கும் ரோடு பிரிகிற மாதிரி இருந்தது. ஒவ்வொரு உருவத்திலிருந்தும் வளைபரப்பு, கன அளவு என்று கிளைகள். கிளையின் முனையில், எந்த அளவுகளை எடுத்துப் பெருக்க வேண்டும் என்று எழுதினேன். உருளை பச்சை மையில், கூம்பு சிவப்பு மையில். கண்ணை மூடினாலும் தாள் தெரிந்தது. பிறகு வட்டத்துக்கு ஒன்று, முக்கோணத்துக்கு ஒன்று என்று பாடம் முழுவதையும் வரைந்தேன்.

இப்போது இதற்கு மனவரைபடம் என்று பேர் வைத்துப் பள்ளிக்கூடத்திலேயே சொல்லிக்கொடுக்கிறார்கள். அன்று எனக்கு அது, ஒழுங்காகப் படிக்கத் தெரியாதவள் செய்கிற திருட்டு வேலை மாதிரி இருந்தது. நோட்டுக்குள் ஒளித்து வைத்திருந்தேன்.

பக்கத்தில் உட்காரும் சிநேகிதிதான் கண்டுபிடித்தாள். “என்னட்டி இது, ஒட்டடை அடிக்காத வீடு மாதிரி?” என்று பிடுங்கினாள். சிரித்தவள் கொஞ்சம் கொஞ்சமாகச் சிரிப்பை நிறுத்தினாள். கூம்பிலிருந்து கிளை கிளையாக விரலை ஓட்டிப் பார்த்தாள்.

“ஏட்டி, இத மடியில வச்சுக்கிட்டா இம்புட்டு நாளும் என்னைய மாதிரி முழிச்சுக்கிட்டு இருந்தே? அமுக்கினிக் கள்ளி!”

அவள் வீட்டில் இரண்டு விசைத்தறி ஓடியது. பாஸானால் பிளஸ் ஒன்னில் சேர்ப்பதாகவும், இல்லையென்றால் தார் சுற்ற உட்கார வேண்டியதுதான் என்றும் அவள் அப்பா சொல்லியிருந்தார். தறியில் குறுக்கே ஓடும் நூலைச் சிறு கட்டைகளில் சுற்றிக் கொடுப்பதுதான் தார் சுற்றுவது. பள்ளிக்கூடம் விட்டால் தினமும் அவள் செய்கிற வேலை. காலம் பூராவும் அதைச் செய்ய அவளுக்கு விருப்பமில்லை. நர்ஸுக்குப் படிக்க ஆசை. மற்றப் பாடங்களில் பயமில்லை, கணக்கு ஒன்றுதான் அவளை மறித்தது.

ஒரே வாரத்தில் என் படங்கள் எல்லாவற்றையும் பார்த்து எழுதிக்கொண்டாள். தார் சுற்றும் இடத்துக்கு எதிர்ச் சுவரில் ஒட்டிவைத்து, கை சுற்றச் சுற்றக் கண்ணால் படித்தாள். அவளைப் பார்த்து வகுப்பில் இன்னும் இரண்டு மூன்று பேர் எழுதிக்கொண்டார்கள். என் பெஞ்சைத் தேடி ஆள் வந்தது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. வெளியே காட்டிக்கொள்ளவில்லையே தவிர, உள்ளுக்குள் எனக்குத் தலைகால் புரியவில்லை.

திங்கட்கிழமை கணக்குப் பரீட்சை. சனிக்கிழமை மத்தியானம் பழைய கணக்கு ஒன்றை என் படத்தைப் பார்த்துப் போட்டேன். நோட்டில் டீச்சர் போட்ட விடை வரவில்லை. மூன்று தடவை போட்டும் வரவில்லை. அப்புறம்தான் கண்ணில் பட்டது.

கூம்புக்கு இரண்டு உயரம் உண்டு. உச்சியிலிருந்து நேரே அடிக்கு இறங்குவது உயரம். சரிவிலே இறங்குவது சாயுயரம். கன அளவுக்கு முதலாவது, வளைபரப்புக்கு இரண்டாவது. உருளையில் இந்தச் சிக்கல் கிடையாது, ஒரே உயரம் இரண்டுக்கும் போகும். நான் உருளையை முதலில் வரைந்துவிட்டு, பக்கத்தில் கூம்பையும் அதே மாதிரி, வளைபரப்புக்கும் உயரத்தையே போட்டு வரைந்துவிட்டேன். இரண்டும் ஜோடியாக, பார்க்க அழகாக இருந்தன. அந்தக் கோட்டைப் புத்தகம் பார்த்துப் போடவில்லை. அழகுக்காகக் கை தானாகப் போட்டது.

உடனே அவள் வீட்டுக்குப் போனேன். சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன். ஒரே ஒரு கோடு. அடித்துவிட்டு மாற்றி எழுத ஒரு நிமிஷம் ஆகாது.

தறிச் சத்தத்தில் யாருக்கும் யார் பேசுவதும் கேட்காது. என்னைப் பார்த்ததும் அவள் அப்பா தறியையே நிறுத்திவிட்டார். அதுவரை அவர் என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை.

“இந்தப் பிள்ளதானா படம் போட்டுக் குடுத்தது? பேசாமடந்தைன்னுல்லா நெனச்சேன். கெட்டிக்காரியால்லா இருக்கா!” என்றார்.

“இவ படம் வந்த பொறவுதான் எம் மக கணக்குப் பொஸ்தகத்தையே தொடுதா. உக்காரு மக்கா,” என்றாள் அவள் அம்மா. கடையிலிருந்து எனக்கென்று ஒரு கலர் சோடா வாங்கி வரச் சொன்னார்கள். சிநேகிதி சுவரில் இருந்த படத்தைக் கையால் மறைத்துக்கொண்டு, “கேளுட்டி, எதுனாலும் கேளு,” என்றாள். நான் கூம்பின் கன அளவைக் கேட்டேன். வளைபரப்பைக் கேட்கவில்லை. அவள் சரியாகச் சொன்னாள். எல்லோரும் சிரித்தார்கள். நான் கலரைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து, என் படத்தில் மட்டும் அந்த இடத்தை பிளேடால் சுரண்டி, சாயுயரம் என்று எழுதிக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை முழுவதும் எனக்கு நேரம் இருந்தது. அந்தக் கேள்வி வராமலே போகலாம் என்று நினைத்துக்கொண்டேன்.

வந்தது. கூம்பு வடிவக் கூடாரம் போட எவ்வளவு துணி வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். பரீட்சை முடிந்ததும் அவள் ஓடிவந்து என் கையைப் பிடித்தாள்.

“துணிக் கணக்குல்லா வந்திருக்கு! எங்க வீட்டுக் கணக்கு. உன் படம் அப்படியே கண்ணு முன்னால நின்னுச்சுட்டி, கடகடன்னு போட்டுட்டேன்.”

நான் தலையை ஆட்டினேன்.

ரிசல்ட் வந்த அன்று பேப்பரில் என் நம்பர் இருந்தது. அவள் நம்பர் இல்லை. கணக்கில் முப்பத்தொன்று. முப்பத்தைந்து எடுத்தால் பாஸ், கூடாரக் கணக்குக்கு ஐந்து மார்க். வேறு இடங்களிலும் அவள் தப்புச் செய்திருப்பாள், மற்றப் பிள்ளைகள் அதே படத்தைப் படித்துத்தானே பாஸானார்கள் என்றெல்லாம் சொல்லி என்னைத் தேற்றிக்கொள்ளப் பார்த்திருக்கிறேன். தேறியதில்லை.

அக்டோபர் பரீட்சைக்குப் பணம் கட்டிவிட்டு அவள் எங்கள் வீட்டுக்கு வந்தாள். சுவரில் ஒட்டியிருந்த படம் மழை ஈரத்தில் ஊறிக் கிழிந்துவிட்டதாம். “உன் படத்தத் தாட்டி, இன்னொரு தடவ எழுதிக்கிடுதேன்,” என்றாள். எடுத்துக் கொடுத்தேன். தரையில் கவிழ்ந்து படுத்துக்கொண்டு எழுதினாள். கூம்புக்கு வந்ததும் பேனா நின்றது.

“ஏட்டி, இங்கன சாயுயரம்னு போட்டிருக்கே. எங்கிட்ட உயரம்னுல்லா இருந்துச்சு?”

சுரண்டிய இடம் அவள் விரலுக்குக் கீழேதான் இருந்தது. கூர்ந்து பார்த்தால் தெரிந்திருக்கும்.

“நீ தப்பாப் பாத்து எழுதியிருப்ப,” என்றேன்.

எந்தக் கேள்விக்கும் இவ்வளவு வேகமாக நான் பதில் சொன்னதே கிடையாது. அவள் என் முகத்தைப் பார்த்தாள். சந்தேகப்பட்டுப் பார்த்திருந்தால் ஒருவேளை உடைந்துபோய்ச் சொல்லியிருப்பேன். அவளுக்குச் சந்தேகமே வரவில்லை. உள்ளங்கையால் நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

“பாத்து எழுதக்கூடத் தெரியாத முண்டம் நான். நீ இம்புட்டு பாடுபட்டு வரைஞ்சு குடுத்தும் நானே கெடுத்துக்கிட்டேனே. எங்கப்பாட்ட மட்டும் சொல்லிராதட்டி.”

“சொல்ல மாட்டேன்,” என்றேன்.

அக்டோபரில் பாஸாகிவிட்டாள். பிளஸ் ஒன்னில் சேர ஜூன் வரை காத்திருக்க வேண்டும். அதுவரை சும்மா இருப்பானேன் என்று தார் சுற்ற உட்கார்ந்தவளை ஜூனில் யாரும் எழுப்பிவிடவில்லை. அவளும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டியதுதானே என்று ஒருமுறை எனக்குள் அவளையே குறை சொல்லிப் பார்த்தேன். அதுவும் கேவலமாக இருந்தது.

இரண்டு பேரும் இதே ஊரில்தான் இருக்கிறோம். அவளுக்குப் பேரன் பிறந்துவிட்டான். எனக்கும் பள்ளிப் படிப்போடு சரி. போன மாதம் ரயில்வே ஸ்டேஷனில் டிக்கெட் பதிவு செய்ய நின்றபோது, எனக்குப் பின்னால் அவள் வந்து நின்றாள். கையில் நிரப்பாத பாரம் இருந்தது. நல்ல கையெழுத்து அவளுக்கு, என்னுடையதைவிட.

“நீயே எழுதிக் குடுத்திருட்டி,” என்று நீட்டினாள். “வீட்லயும் எதையும் நான் எழுத மாட்டேன், பிள்ளைகதான். நான் தப்பாப் பாத்து எழுதுதவன்னு உனக்குத் தெரியாததா?” சொல்லிவிட்டு அவளே சிரித்தாள்.

பாரத்தை வாங்கிச் சுவரில் வைத்து எழுதினேன். அவள் ரயில் நம்பரைச் சொன்னாள், தேதியைச் சொன்னாள், வயதைச் சொன்னாள். நான் ஒன்றும் சொல்லவில்லை.