ஆறு வாசலுக்கு ஒரு குத்தகை வண்டி

லினெட் ரௌதியோவுக்குக் கோபம் ஏற ஏறக் குரல் இறங்கும். அவள் ஓட்டுகிற பள்ளிக்கூடப் பேருந்தில் போய் வருகிற பிள்ளைகளுக்கு இது நன்றாகத் தெரியும். பின்சீட்டில் எவனாவது அடுத்தவன் தொப்பியைப் பிடுங்கி ஜன்னலுக்கு வெளியே எறிந்தால், அவள் பஸ்ஸை ஓரங்கட்டி, கண்ணாடியில் பார்த்து, சர்ச்சில் பேசுகிற மாதிரி நாலு வார்த்தை பேசுவாள். பிள்ளைகள் மூச்சு விட மாட்டார்கள். பெரியவர்களுக்குத்தான் அந்த விவரம் போதாது. அடங்கிவிட்டாள் என்று நினைத்து மேலும் இரண்டு வார்த்தை பேசி மாட்டிக்கொள்வார்கள்.

அந்த நவம்பரில் அவள் குரல் காதைக் கிட்டே வைத்தால்தான் கேட்கும் என்கிற அளவுக்கு இறங்கியிருந்தது. காரணம் ஒரு பிக்கப் வண்டி.

வண்டி அவளுடையதில்லை. மூன்று வருஷக் குத்தகை. அவளுடைய பழைய கார் நடுரோட்டில் செத்துப்போன அதே குளிர்காலத்தில்தான் அவள் புருஷன் ராய், அரிசோனாவில் வெயில் நன்றாக இருக்கிறது என்று கண்டுபிடித்து அங்கேயே தங்கிவிட்டான். வெயிலின் பெயர் ஷெரில் என்பது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. புது வண்டி வாங்கக் கையில் வசதியில்லை. கடைக்காரன் குத்தகைப் பேச்சை எடுத்தான்.

"மூணு வருஷம் ஓட்டுங்க. பிடிச்சிருந்தா, இப்ப எழுதற விலையக் கொடுத்து நீங்களே எடுத்துக்கலாம். உங்களக் கேட்டுட்டுத்தான் வேற ஆளு. பிடிக்கலியா, சாவியத் தூக்கிப் போட்டுட்டுப் போயிட்டே இருங்க. புருஷன் விஷயத்துல இந்த வசதி உண்டா?"

லினெட் சிரித்துவிட்டாள். சிரித்த கையோடு கையெழுத்தும் போட்டுவிட்டாள்.

வாடகை வீட்டில் ஆணி அடிக்கப் பயப்படுகிறவர்களைப் போலத்தான் அவள் அந்த வண்டியை வைத்திருந்தாள். இத்தனை மைலுக்கு மேல் ஓடினால் அபராதம் என்பதால், டுலூத்திலிருக்கும் மகளைப் பார்க்கக்கூடச் சிநேகிதியின் காரில் தொற்றிக்கொண்டு போனாள். பின்தொட்டியில் பழைய கம்பளம் விரித்து, அதன்மேல்தான் விறகு. வண்டியில் எதையும் வெட்டக் கூடாது, துளைக்கக் கூடாது என்று குத்தகையில் எழுதியிருந்தது. அவளுக்கு அது மனப்பாடம்.

அவள் தம்பி டேரிலுக்குத்தான் அது மனப்பாடம் இல்லை.

முதல் குளிர்காலத்தில் முட்டி ஆபரேஷனுக்காக அவள் மார்க்வெட் ஆஸ்பத்திரியில் பத்து நாள் படுத்திருந்தாள். திரும்பி வந்து பார்த்தால், வண்டியின் மூக்குக்கு முன்னால் மஞ்சளாக ஓர் இரும்புத் தகடு. பனியைத் தள்ளுகிற தகடு. டேரில் தன் செத்துப்போன லாரியிலிருந்து கழற்றி, இந்த வண்டியின் சேசிஸில் டிரில் போட்டு எட்டு ஓட்டை குடைந்து, மாட்டிவிட்டிருந்தான். தன் வேலையைப் பார்த்துத் தானே பூரித்துப்போய்ப் பக்கத்தில் நின்றான்.

"டேய், இது என் வண்டி இல்லடா."

"பின்ன யாரோடதுக்கா?"

"கம்பெனியோடது."

"கம்பெனி வந்து உன் வாசல்ல பனி வாருமா?"

இங்கே சுப்பீரியர் ஏரி நினைத்தால் ஒரே ராத்திரியில் இடுப்பளவு பனியைக் கொட்டிவிடும். விடிவதற்குள் கவுன்ட்டி நிர்வாகத்தின் வண்டி வந்து சாலையைச் சுத்தம் செய்கிறேன் என்று அவ்வளவு பனியையும் நம் வாசல் வாயில் சுவர் மாதிரி அடைத்துவிட்டுப் போகும். அஞ்சரைக்குப் பஸ் எடுக்க வேண்டியவள், தைத்த முட்டியோடு மண்வெட்டி பிடிக்க முடியுமா? திட்டிக்கொண்டே தகட்டைப் பயன்படுத்தினாள்.

எதிர்வீட்டு ஹார்லன் நியேமிக்கு இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருந்தார்கள். பாவம் என்று அவர் வாசலையும் ஒரு நாள் வாரிவிட்டாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் ஜன்னலில் நின்று பார்த்தார்கள். அடுத்த பனிக்கு அவர்கள் வாசலும் சேர்ந்தது. இரண்டாம் வருஷம் ஆறு வாசல். யாரும் கேட்கவில்லை, அவளும் ஒத்துக்கொள்ளவில்லை, ஆனால் நடந்துகொண்டிருந்தது. பணம் கொடுப்பது இங்கே மரியாதை இல்லை என்பதால், பின்தொட்டியில் மான் சாஸேஜை வைத்துவிட்டுப் போவார்கள். அவளுக்கோ டாக்டர் உப்பைத் தொடக்கூடாது என்று சொல்லியிருந்தார். மூன்று வருஷத்து மான்கள் அவள் ஃப்ரீசரில் அடுக்கிக் கிடந்தன. ஒரு நாள் அரைமணி பிந்தினால் போன் வரும்.

"என்ன லினெட், நம்ம வண்டிக்கு என்ன ஆச்சு?"

நம்ம வண்டி. மாதாமாதம் பணம் கட்டுகிறவள் அவள். பெயர் கம்பெனிக்கு. வண்டி எல்லாருக்கும்.

குத்தகை முடியப்போகிறது என்று கம்பெனியிலிருந்து போன் வந்தபோது அவள் முடிவு செய்துவிட்டாள். திருப்பிக் கொடுத்துவிடுவது. அந்த வண்டியில் ஏறுவது அவள் முட்டிக்குக் கப்பலில் ஏறுகிற மாதிரி. தாழ்வாக, சின்னதாக, சீட் சூடேறுகிற ஒரு கார் போதும். விஷயம் தெரிந்ததும் சாலையே ஆலோசனை சொல்ல வந்துவிட்டது. பழகின வண்டிய விடலாமா. இனிமே அந்த விலைக்குக் கிடைக்குமா. சின்னக் காரு பள்ளத்துல போயிடும். ஒருவர் விடாமல் எல்லாருக்கும் அவள் பாதுகாப்பில் அக்கறை. ஒருவர் வாயிலிருந்தும் 'என் வாசல்' என்கிற வார்த்தை வரவில்லை.

ஹார்லன் ஒருத்தர்தான் வேறு மாதிரி பேசினார்.

"திருப்பிக் கொடுத்துடும்மா. உன் முட்டியப் பாரு. ஊருக்கு உழைச்சது போதும்."

மூன்று வருஷத்தில் அவள் முட்டியைப் பற்றிப் பேசிய முதல் ஆள்.

மான் வேட்டைப் பருவம் தொடங்குவதற்கு முந்தின வாரம், வண்டியைச் சோதிக்கக் கம்பெனி ஆள் வந்தான். அதற்கு முன்பே டேரில் தகட்டைக் கழற்றித் தன் கொட்டகைக்குக் கொண்டுபோய், ஓட்டைகளில் பட்டி பூசி, கறுப்புப் பெயின்ட் அடித்து, அதன்மேல் சேற்றையும் அப்பிவிட்டிருந்தான். அந்த ஒரு வேலையை மட்டும் அவன் ஒழுங்காகச் செய்திருந்தான். கம்பெனி ஆள் டார்ச் அடித்துக் குனிந்து பார்த்தான், நிமிர்ந்தான். பின்கதவில் ஒரு கீறல், அவ்வளவுதான் என்றான்.

அப்போது ஹார்லன் பிளாஸ்கில் காப்பியோடு சாலையைக் கடந்து வந்தார்.

"குளிருது பாரு. குடி தம்பி." அவனுக்கு ஊற்றிக் கொடுத்துவிட்டு வண்டியைத் தட்டினார். "டேரில் அந்த ஓட்டைங்கள என்னமா மூடியிருக்கான். சொன்னாத்தான் தெரியும்."

"எந்த ஓட்டை?"

"அடடா," என்று ஹார்லன் வாயைப் பொத்திக்கொண்டார்.

கம்பெனி ஆள் காப்பியைத் தரையில் வைத்துவிட்டு மல்லாக்கப் படுத்து வண்டிக்கு அடியில் போனான். வெளியே வந்தபோது அவன் முகமே மாறியிருந்தது. சேசிஸில் ஓட்டை என்றால் சும்மா இல்லை, திருப்பிக் கொடுத்தால் மூவாயிரம் டாலருக்குக் குறையாமல் கட்டவேண்டி வரும் என்றான்.

"வயசாயிடுச்சு லினெட். வாய் நிக்க மாட்டேங்குது," என்றார் ஹார்லன்.

"வீட்டுக்குப் போங்க ஹார்லன்," என்றாள் அவள். அவருக்கே சரியாகக் கேட்கவில்லை.

அன்று சாயங்காலம் முழுக்க அவள் கோபம் டேரில் மேல்தான். கிழவர் வாய் தவறிச் சொல்லிவிட்டார், ஆனால் ஓட்டை போட்டவன் இவன். அபராதத்தில் பாதியை இவனிடம் வசூல் பண்ணாமல் விடுவதில்லை. எரிகிற காசு எரியட்டும், சாவியைத் தூக்கி எறிந்துவிட்டு வரலாம் என்று முடிவு கட்டிக்கொண்டு அவன் கொட்டகைக்குப் போனாள்.

கொட்டகையில் பணிமேடை மேல் ஒரு செயின்சா இருந்தது. கைப்பிடியில் சிவப்பு டேப் சுற்றியிருந்தது. ஹார்லன் தன் சாமான் ஒவ்வொன்றிலும் சிவப்பு டேப் சுற்றுவார். அவர் ரேக்கில்கூடச் சிவப்பு டேப். இரவல் கொடுப்பதென்றால் அவருக்கு உயிர் போகும். அந்த மனுஷனுடைய செயின்சா இங்கே எப்படி?

"இது என்னடா?"

"ஹார்லன் கொடுத்தாருக்கா. தகட்டுக்குப் பதிலா."

"எந்தத் தகடு?"

"இதோ, இந்த மஞ்சத் தகடுதான். உனக்கு இனிமே வேணாம்ல."

லினெட் தகட்டைப் பார்த்தாள். டேரிலைப் பார்த்தாள். "பிக்கப்பே இல்லாத மனுஷனுக்குத் தகடு எதுக்குடா?"

அவள் குரல் தணிந்ததைப் பார்த்து டேரிலுக்கு நிம்மதி. ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டான். "நீ திருப்பிக் கொடுத்ததும் கடையில ஓட்ட வண்டின்னு விலையக் குறைப்பாங்களாம்க்கா. ஓட்ட கம்பெனிக்குத்தான் நஷ்டம், தகடு மாட்டறவனுக்கு லாபம்தானேன்னாரு. அந்த வண்டிய அவரே வாங்கிக்கறேன்னு கடையில சொல்லி வெச்சிட்டாரு, ஓட்டறதுக்கு மருமகன் இருக்கான். ரோட்டுலயும் ஆர்டிஸ் பேசி முடிச்சிட்டாங்க. வாசலுக்கு இருபது டாலர், ஒவ்வொரு பனிக்கும்."

ஆர்டிஸ் ஹார்லனின் மனைவி. ஞாயிற்றுக்கிழமை சர்ச் வாசலில் லினெட்டைக் கட்டிப்பிடித்து, பாவம் உன் முட்டி என்றவள்.

"எல்லாரும் சரின்னுட்டாங்களா?"

"உடனே சரின்னுட்டாங்க. உன்ன மறக்கலக்கா. உனக்கு மட்டும் ஓசி."

லினெட் மனசுக்குள் கணக்குப் போட்டாள். மூன்று வருஷம் மானைக் கொடுத்தவர்கள், கிழவர் கேட்டதும் இருபது டாலருக்குத் தலையாட்டியிருக்கிறார்கள். அப்படியானால் பணம் கொடுப்பது மரியாதை இல்லாமல் போனது அவளுக்கு மட்டும்தான். அபராதத்தை அவள் கட்டுவாள், அதே ஓட்டைகளால் மலிவான வண்டியில் ஹார்லன் ஏறுவார், அவள் வாசலுக்குத் தருமம் பண்ண அதே வண்டி வரும். ஜன்னலில் நின்று அவள் கையசைக்கவேண்டும்.

"தகட்ட என் வண்டியில மாட்டு," என்றாள்.

"அக்கா, செயின்சா நல்லா..."

"மாட்டு."

டேரிலும் சின்ன வயசில் அவள் பின்னால் நின்று வளர்ந்தவன்தான்; அந்தக் குரலின் அர்த்தம் இப்போதுதான் அவனுக்கு உறைத்தது. மாட்டினான்.

மறுநாள் அவள் கடைக்குப் போனாள். குத்தகையில் எழுதிய விலைக்கு வண்டியைத் தானே எடுத்துக்கொள்கிறேன் என்றாள். கடைக்காரன் தலையைச் சொறிந்து, சேசிஸில் ஓட்டை இருக்கிறதே, யோசித்தீர்களா என்றான். "என் வண்டியில ஓட்ட இருந்தா உங்களுக்கு என்னங்க?" என்று கேட்டாள். கிரெடிட் யூனியனில் கடன் போட்டாள். சூடேறுகிற சீட் போயிற்று, இன்னும் நாலு வருஷம் கப்பல் ஏறவேண்டும். வெளியே வந்து வண்டியில் ஏறும்போது முட்டி கத்தியது. அவள் அதைவிடப் பச்சையாக ஒரு வார்த்தையைத் திருப்பிச் சொன்னாள். பின்தொட்டியிலிருந்த கம்பளத்தை உருவிக் கடையின் குப்பைத்தொட்டியில் போட்டாள்.

சாயங்காலம் ஹார்லன் வீட்டு வாசற்படியில் சிவப்பு டேப் செயின்சாவை வைத்தாள். அதன்மேல் மூன்று வருஷத்து மான் சாஸேஜையும் அட்டைப்பெட்டி அட்டைப்பெட்டியாக அடுக்கினாள். கதவைத் திறக்க முடியாமல் ஆர்டிஸ் உள்ளேயிருந்து தள்ளிக்கொண்டிருந்தாளாம். இதைச் சொன்னது ஆர்டிஸே. மொத்தச் சாலைக்கும் போன் போட்டுச் சொன்னாள், ஏன் என்பதை மட்டும் விட்டுவிட்டு.

வேட்டை தொடங்கின மூன்றாம் நாள் ஏரி கொட்டியது. விடியற்காலையில் ஆறு வீட்டு ஜன்னலிலும் வெளிச்சம். லினெட் தன் வாசலை வாரினாள். நிதானமாக, ஓரமெல்லாம் சீவி வாரினாள். பிறகு தகட்டைத் தூக்கி வைத்துக்கொண்டு ஆறு வாசலையும் தாண்டிப் பஸ் எடுக்கப் போய்விட்டாள். ஸ்டீரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்கி ஒவ்வொரு ஜன்னலுக்கும் வணக்கம் சொல்லவும் மறக்கவில்லை.

அன்று ராத்திரி இன்னும் கொட்டியது. மறுநாள் பள்ளிக்கூடம் லீவு. காலையில் அவள் காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது ஹார்லன் சாலையைத் தாண்டி வந்தார். தாண்டி என்றால் நீந்தி. தொடைவரை பனி அப்பியிருக்க வாசலில் வந்து நின்றார். அவள் கதவைத் திறந்தாள், உள்ளே கூப்பிடவில்லை.

"நிறையக் கொட்டிடுச்சு," என்றார்.

"ஆமா, நிறையத்தான்."

"ஆர்டிஸுக்குப் பத்து மணிக்குப் பல் டாக்டர்."

"நல்ல டாக்டர் அவரு."

ஹார்லன் தொப்பியைக் கழற்றினார், மாட்டினார். "அந்த வண்டி..."

"எந்த வண்டி?"

"உன் வண்டிதான் லினெட். உன் வண்டிய எடுத்துட்டு வந்து..." கிழவர் மூன்று வருஷமாகக் கேட்காத கேள்வியை எச்சில் கூட்டி விழுங்கிக் கேட்டார். "எங்க வாசலக் கொஞ்சம் வாரிக் கொடுக்கறியா?"

"எவ்வளவு?"

"என்ன எவ்வளவு?"

"நீங்க ரோட்டுக்குச் சொன்ன ரேட்டு எவ்வளவு?"

ஹார்லன் பனியைப் பார்த்தார். "இருபது."

"அதே ரேட்டுதான். மத்த அஞ்சு வீட்டுக்கும் ஆர்டிஸையே போன் போட்டுச் சொல்லச் சொல்லுங்க. அவங்களுக்குத்தான் பழக்கம். வேணுங்கறவங்க இங்க வந்து நின்னு கேக்கணும்."

அவர் பர்ஸை எடுத்தார். அவள் வாங்கிக்கொண்டாள். மீதி கொடுக்கிற மாதிரி இல்லை, சரியாக இருபதுதான் கொண்டுவந்திருந்தார்.

"அங்கேயே நில்லுங்க. இன்னொரு காப்பி குடிச்சிட்டு வரேன்," என்று கதவைச் சாத்தினாள்.

இரண்டாவது காப்பி அவளுக்கு ஒத்துக்கொள்வதில்லை, நெஞ்சு கரிக்கும். ஆனாலும் கோப்பை நிறைய ஊற்றி, ஜன்னலுக்கு நேரே நாற்காலியை இழுத்துப்போட்டு, கடைசிச் சொட்டுவரை குடித்தாள்.