செம்புத் தகட்டில் சந்தனம்

கடவுள் இல்லை என்று விஞ்ஞானத்தால் நிரூபிக்க முடியுமா என்று பதினோராம் வகுப்பில் வருடத்துக்கு ஒரு பிள்ளையாவது கேட்டுவிடும். விருதுநகரில் இயற்பியல் நடத்துகிறேன். முன்பெல்லாம் இந்தக் கேள்வி வந்தால் பாடம் போயே போச்சு. இருக்கிறது என்று சொல்பவன்தான் காட்ட வேண்டும், இல்லை என்பவனுக்கு அந்த வேலை கிடையாது என்று மணி அடிக்கும்வரை பேசுவேன். இப்போது, "பாடத்தைப் பாருங்க" என்று கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொள்கிறேன்.

இந்த வாதத்தை நான் அதிகம் பேசியது ஆமத்தூரில் இருக்கும் என் அக்காவிடம்தான். அவளும் அத்தானும் ஒரே பட்டாசுக் கம்பெனிக்கு வேனில் போவார்கள். அவர் வெடிமருந்து கலக்குபவர். அவளுக்கு வேறு ஷெட்டில் திரி வேலை. ஆடி வெள்ளிக்கு இருக்கன்குடி ஆத்தா கோயிலுக்குப் போகாவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது.

"ஒங்க ஆத்தாவ ஒருநாள் என் லேபுக்குக் கூட்டிட்டு வாக்கா. இருக்காளா இல்லையான்னு பாத்துச் சொல்லிருதேன்" என்பேன்.

"அவ வந்தா நீ தாங்க மாட்டலே" என்று சிரிப்பாள். அத்தான் இரண்டு பேருக்கும் பொதுவாகத் தலையாட்டிக்கொண்டே சாப்பிடுவார்.

சீசன் மும்முரத்தில் ஒருநாள் காலை மருந்து ரூம் வெடித்தது. அத்தானை நான்தான் அடையாளம் காட்டினேன். அதைப் பற்றி எழுத எனக்கு விருப்பமில்லை.

காரியம் முடிந்த மறுநாள் அக்கா, "நேர்த்திக்கடனத் தள்ளிப் போட்டேன், ஆத்தா எடுத்துக்கிட்டா" என்று சொன்னதையே சொல்லி அழுதுகொண்டிருந்தாள். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. அந்தச் சாமியே இல்லை என்று சொல்லி அந்தப் பழியிலிருந்து அவளை மீட்டுவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தேன்.

"ஆத்தாவும் இல்ல, ஒண்ணும் இல்ல. காத்து காஞ்சு கெடந்தா நடக்க நடக்க ஒடம்புல கரண்டு சேரும். அதுல ஒரு பொறி வந்தாப் போதும், மருந்து புடிச்சுக்கும். அதுக்குத்தான் ரூம் வாசல்ல செம்புத் தகடு வச்சிருக்காக. தொட்டா கரண்டு தரையில எறங்கிரும். அன்னைக்கு எறங்காம இருந்திருக்கும். அம்புட்டுத்தான்."

அக்காவின் அழுகை சட்டென்று நின்றது.

"அந்தத் தகடா? அதுக்கு வெள்ளிக்கெழம தவறாம நாந்தானலே சந்தனம் பூசுவேன். சாமியாச்சே, கழுவ மாட்டோம். பழசு மேலயே பூசிருவேன். அவுக தொட்டுக் கண்ணுல ஒத்திக்கிட்டுத்தான் உள்ள போவாக."

தகட்டைத் தொடுவது கம்பெனி விதி. கும்பிடுவது அவர்களாகச் சேர்த்துக்கொண்டது. உயிரைக் காக்கிற பொருளை எங்கள் ஊரில் கும்பிடாமல் விடமாட்டார்கள். ஆனால் அதன்மேல் சந்தனம் அப்பியிருந்தது எனக்குத் தெரியாது. காய்ந்த சந்தனம் எவ்வளவு தடுக்கும், அன்று அவர் கை செம்பில் பட்டதா சந்தனத்தில் பட்டதா, காரணம் அதுவா வேறா, எதையும் இனிச் சொல்ல முடியாது. தகடும் இல்லை, ரூமும் இல்லை. தெரியாது என்பதுதான் நான் படித்த படிப்பு சொல்லும் நேர்மையான பதில். அந்த முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல என்னால் ஆகவில்லை.

"சந்தனம் இருந்தா கரண்டு எறங்காதாலே?"

வாழ்க்கையில் முதல் தடவையாகச் சாமிக்குப் பரிந்து பேசினேன். "அதெல்லாம் இல்லக்கா. கோவத்துல ஏதோ ஒளறிட்டேன். நீ சொன்னதுதான் சரி. ஆத்தா கூப்பிட்டுக்கிட்டா."

அக்கா என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"நீ அப்படிச் சொல்ற ஆளு இல்லையேலே. நீயே ஆத்தா பேரச் சொன்னா, அப்ப சந்தனந்தான்."

அதன்பிறகு அவள் அழவே இல்லை.

இந்த ஆடி வெள்ளிக்கு நானே கார் எடுத்துக்கொண்டு ஆமத்தூர் போனேன். "கெளம்புக்கா, இருக்கன்குடி போயிட்டு வருவோம்" என்று கெஞ்சினேன்.

"அங்கன யாருலே இருக்கா?" என்று கேட்டாள்.