முக்காலில் பாதி

கணக்கு என்று யாராவது சொன்னால் இந்த வயதிலும் மெல்ல எழுந்து அந்தப் பக்கம் போய்விடுவேன். பள்ளிக்கூடத்து வாத்தியாரைக் குறை சொல்ல மாட்டேன், அவர் பரம சாது. பயமுறுத்தியது எங்கள் அப்பாதான்.

வெள்ளைக்காரன் போய் மெர்டேக்கா வரப்போகிறது என்று ஊரே பேசிக்கொண்டிருந்த வருஷம். காஜா பெராங்கில் குடியிருந்தோம். அப்பா ரோடு போடும் கூலியாள். அதுவரை என் சிலேட்டை ஏறெடுத்தும் பார்க்காத மனிதர், ஒரு நாள் சாயங்காலம் குளித்துவிட்டு, கையில் ரோத்தான் பிரம்போடு என் எதிரே வந்து உட்கார்ந்தார்.

"இன்னிக்கு என்ன கணக்கு சொல்லிக் குடுத்தாங்க? சத்தமாப் போடு."

அன்று பிடித்தது சனியன். தினமும் பின்னக் கணக்கு.

"முக்கால்ல பாதி எவ்ளோ?"

"எட்டுல மூணுப்பா."

"எப்படி?"

"கீழ இருக்கிற நாலை ரெண்டால பெருக்கணும்."

"ஏன் பெருக்கணும்?"

ஐயோ, ஏன் என்று வாத்தியாரே சொல்லவில்லையே! ரோத்தான் தரையைத் தட்டும். "மறுபடி சொல்லு, மொதல்லேர்ந்து." நான் சொல்லச் சொல்ல அவர் உதடும் கூடவே அசையும். எங்கே தப்புவேன் என்று பார்க்கிறாராக்கும் என்று நடுங்குவேன். அந்தப் பிரம்பு ஒரு நாளும் என் மேல் பட்டதில்லை. இன்றைக்குப் படும், இன்றைக்குப் படும் என்று காத்திருந்தே பாதி உயிர் போயிற்று. என் அழுகையைக் கேட்டுப் பக்கத்து வீட்டுச் செட்டி அக்கா, வேலிக்கு அந்தப் பக்கம் நின்று "காசியான்!" என்று மலாயில் இரங்குவாள். தலைமுறை தலைமுறையாக மலாய் பேசும் செட்டி வம்சம்; அவளுக்குத் தமிழ் வராது.

ஒரு நாள் காலை அப்பா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு டவுனுக்குப் போனார். மண்டோர் வேலைக்குப் பரீட்சை என்றாள் அம்மா. தேறினால் பத்துக் கூலிகளுக்கு மேலாளாம். மத்தியானம் திரும்பியவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.

"தொர கணக்கு கேட்டான். வாயே தெறக்கல. அந்த வேல நமக்கில்ல, விடு" என்றார் அம்மாவிடம்.

சாயங்காலம் நானே சிலேட்டோடு போய் உட்கார்ந்தேன். அப்பா சிலேட்டை வாங்கி ஓரமாக வைத்தார்.

"போதும்மா. இனிமே வேணாம். போய் வெளாடு."

அவர் பாடம் கேட்டாரா, பாடம் படித்தாரா என்று பிரித்துப் பார்க்கிற வயதா அது? கணக்கில் நான் தேறிவிட்டேன் என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. வேலிக்கு ஓடி, "பாஸ்! பாஸ்!" என்று செட்டி அக்காவிடம் கத்தினேன். அந்தச் சொல் அவளுக்கும் புரியும். கை தட்டிச் சிரித்தாள். நான் இன்னும் உரக்கக் கத்தினேன்.

உள்ளே உட்கார்ந்திருந்த அப்பாவுக்கு அது கேட்காமலா இருந்திருக்கும்.