ஆஸ்பத்திரிக்கு ஒரு மடிப் பருத்தி

எனக்கு எண்பத்தஞ்சு வயசு ஆகுது. ஆறு பிள்ளைகளைப் பெத்து, ஆறையும் ஆளாக்கி விட்டவள். எழுத்துக் கூட்டித்தான் எழுத வரும். ஆனாலும் நானேதான் எழுதுவேன். எங்கள் ஆஸ்பத்திரிக்கு இப்போது ஊரில் யாரும் ஒண்ணும் கொடுக்கிறதில்லையாம். கேள்விப்பட்டதிலிருந்து தூக்கம் பிடிக்கவில்லை.

பசுவந்தனை ரோட்டில் அதைக் கட்டினது சர்க்காரும் இல்லை, முதலாளியும் இல்லை. எங்கள் ஊருக்குக் கரண்டு வந்த சமயத்தில் சுத்துப்பட்டு ஊர்க்காரர்கள் சேர்ந்து எழுப்பினது. லாபம் பார்க்கக் கூடாது, இல்லாதவர் வந்தாலும் திருப்பி அனுப்பக் கூடாது என்று ஏற்பாடு. பங்குனியில் பருத்தி எடுக்கும்போது வீட்டுக்கு ஒரு மடிப் பருத்தி கொடுக்கணும். முந்தியை இடுப்பில் முடிந்து மடி கட்டி எடுப்போமே, அந்த மடி நிறைய. அதைக் கோவில்பட்டியில் விற்று மருந்து வாங்கி வைப்பார்கள்.

முதல் வருசம் எல்லா வீட்டிலும் கொடுத்தோம். சித்திரையில் ஊர்ப் பெரியவர் ஒருத்தர் அந்த ஆஸ்பத்திரியில் செத்துப்போனார். வீட்டில் கொண்டுவந்து கிடத்தினபோது, மேல வீட்டு மதினி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"மூக்குல வச்சிருக்க பஞ்சைப் பாத்தியளா? நம்ம குடுத்த பருத்தி. பொணத்துக்குல்லா குடுத்திருக்கோம். அது நம்மளச் சும்மா விடுமா?"

அது கடைப் பஞ்சு. நான் சொல்லத்தான் செய்தேன். இழவு வீட்டில் யார் காதில் ஏறும்? அந்தப் பேச்சு ஊர் ஊராகப் பரவிவிட்டது.

அடுத்த பங்குனியில் எங்கள் ஊரில் நான் ஒருத்திதான் மடி கட்டிப் போனேன். அப்போது என் மூணாவது மகள் முழுகாமல் இருந்தாள். தலைப்பிள்ளை. மதினி வழி மறித்தாள்.

"ஏ மதினி, பிள்ளைத்தாச்சிய வச்சுக்கிட்டுப் பொணத்துக்குப் பஞ்சு சொமக்கியே, ஒனக்கு நெஞ்சு என்ன கல்லா?"

"கல்லுதான். ஒன் நாக்கு மாதிரி ஈரமா கெடந்தா அழுகிப்போயிரும்லா" என்றேன்.

வாய்தான் பேசினது. உள்ளுக்குள் ஒரு பயம் சுருண்டு படுத்துக்கொண்டது. ஏழாம் மாசம் வளைகாப்புக்கு வந்த பொம்பளைகள் வளையலைப் போட்டுவிட்டுக் கை நனைக்காமல் எழுந்து போனார்கள். ஆக்கின சோறு ஆறிக் கிடந்தது.

"எம்மா, அவிய எல்லாரும் என் மொகத்த ஏன் அப்படிப் பாத்தாக?" என்று மகள் கேட்டாள். நான் பாத்திரத்தைக் கழுவப் போய்விட்டேன்.

புரட்டாசி காய்ந்தது. ஐப்பசியில் மொத்தமாக ஊற்றினது. அந்த மழையில்தான் வலி கண்டது. மருத்துவச்சி தொட்டுப் பார்த்துவிட்டு, "காலு மொதல்ல வருது தாயி. என் கையில ஒண்ணுமில்ல" என்றாள்.

வண்டி கட்டினோம். கரிசல் சகதி சக்கரத்தோடு அப்பிக்கொண்டு உருள விடவில்லை. எங்கள் வீட்டுக்காரர் இறங்கி இறங்கி அரிவாளால் செதுக்கித் தள்ளினார். வாசலுக்கு வாசல் ஆள் நின்றது. பாடை போகும்போது நிற்பார்களே, அந்த மாதிரி நின்றார்கள்.

பிள்ளையை உயிரோடு எடுத்துவிட்டார்கள். ஆனால் ரத்தம் நிற்கவில்லை. நர்சம்மா அலமாரியைத் திறந்தாள்.

"ரத்தம் நிக்குத ஊசி ஒண்ணுதாம்மா இருக்கு. இந்த வருசம் அங்கன ஒரு மடி இங்கன ஒரு மடி தவிர எந்த ஊரும் பருத்தி தரல. மருந்து வாங்கப் போன ஆளும் ஓடைக்கு அங்கிட்டு மாட்டிக்கிட்டாரு."

அந்த ஊசியை என் மகளுக்குப் போட்டாள். ரத்தம் நின்றது.

மத்தியானம் இன்னொரு வண்டி வந்தது, எட்டயபுரம் பக்கமிருந்து. அதிலும் என் மகள் வயசில் ஒரு சின்னப் பொண்ணு. வழியிலேயே பெத்திருந்தாள். அவளுக்கும் அதே ரத்தம். டாக்டர் என்னென்னவோ செய்து பார்த்தார். விளக்கு வைக்கிறதுக்குள் அடங்கிப்போனாள். அவளைப் பெத்தவள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அழவில்லை.

"எங்க ஊர்ல எல்லாரும் ஏசுனாக. நானும் ஒரு மடி குடுத்தேனே, தாயி" என்றாள்.

என் மகள் கட்டிலில் மூச்சு விடுகிற சத்தம் அவளுக்கும் கேட்டிருக்கும்.

மகளையும் பிள்ளையையும் வீட்டுக்குக் கூட்டி வந்தபிறகு மதினி சீனியோடு வந்தாள்.

"மதினி, குடுத்தவுக பொழைச்சுக்கிடுதாக பாத்தியா! வார பங்குனிக்கு நான் ரெண்டு மடி குடுக்கப் போறேன்."

"அங்கன ஒருத்தி குடுத்தும் மகளைப் பறிகுடுத்துட்டா."

மதினி சீனிப் பொட்டலத்தைக் கீழே வைத்தாள். "அப்பம் எதுக்கு மதினி குடுக்கணும்?"

"ரெண்டாவது ஊசிக்கு" என்றேன்.

வந்த பங்குனியில் ஊரே மடி கட்டினது. பயந்து கட்டினார்களோ, விளங்கிக் கட்டினார்களோ, நான் கேட்கவில்லை. இப்போது பருத்தி விதைப்பார் குறைவு. கார் வைத்திருக்கிறவர்கள் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விடுகிறார்கள். இந்த வருசமும் புரட்டாசி காய்கிறது. எந்த ஊரில் எவள் மாசமாக இருக்காளோ.

ஏட்டி பேத்தி, கண்ணாடியை எடுத்து மாட்டிக்கிட்டு இதை ஒருக்க உரக்க வாசி. மகளைப் பறிகுடுத்த அந்தத் தாய் சொன்ன சொல்லை நான் கூட்டாம குறைக்காம எழுதியிருக்கேனான்னு கேட்டுக்கிடுதேன்.