தினமும் நெல்லுச்சோறு

மலாயாவுக்கு வந்த முதல் வாரம், கடையிலிருந்து வந்த அரிசியைச் சுளகில் கொட்டிப் புடைத்தேன். ஒன்றும் பறக்கவில்லை. உமி இல்லை, தூசி இல்லை, குருணைகூட இல்லை. சயாம் தேசத்து மில்லில் தீட்டி வந்த அரிசி வெள்ளைவெளேரென்று கிடந்தது. பக்கத்து வீட்டுச் சீனத்தி ஆ லான் வேலிக்கு அந்தப்புறம் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். சுத்தமான அரிசியை இவள் எதற்கு இப்படித் தூக்கித் தூக்கிப் போட்டுப் பிடிக்கிறாள் என்று அவளுக்குப் புரியவில்லை. ஏதோ சாமி கும்பிடுகிற முறை என்று நினைத்தாளோ என்னவோ, இரண்டு கையையும் சேர்த்து எனக்கு ஒரு கும்பிடு போட்டாள். நானும் பதிலுக்குக் கும்பிட்டேன்.

அருப்புக்கோட்டைப் பக்கத்துச் சனங்களுக்கு அந்த வெள்ளை அரிசி எனக்கு எப்படி இருந்தது என்று சொல்ல வேண்டியதில்லை. பரளச்சியில் என் பிறந்த வீட்டில் தீபாவளிக்கும் பொங்கலுக்கும்தான் நெல்லுச்சோறு. மற்ற நாளெல்லாம் கம்பு, இல்லாவிட்டால் குதிரைவாலி. மானம் பார்த்த கரிசலில் வேறென்ன விளையும்? கம்பைத் தண்ணீர் தெளித்து உரலில் போட்டு அம்மாவும் நானும் மாற்றி மாற்றிக் குத்துவோம். சாயங்காலம் சுடச்சுடக் கம்மஞ்சோறும் காணப்பயற்றுத் துவையலும். மிச்சத்தை உருட்டித் தண்ணீரில் போட்டு வைத்து, காலையில் மோர் விட்டுக் கரைத்து, சின்ன வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு குடித்துவிட்டுக் காட்டுக்குப் போவோம். அப்படிக் குடித்த காலத்தில் அதன் அருமை எனக்குத் தெரியாது. மலாயாவில் துணிக்கடையில் வேலை பார்க்கிற பாளையம்பட்டி மாப்பிள்ளைக்கு என்னைப் பேசி முடித்தபோது, ஊர்ப் பெண்கள் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: இவள் கொடுத்துவைத்தவள், தினமும் நெல்லுச்சோறு திங்கப் போகிறாள். நாகப்பட்டினத்தில் கப்பலேறும்போது எனக்கும் அந்தப் பெருமை இருந்தது.

வடக்கு மலாயாவில் கெடாப் பக்கத்தில் ஒரு சிறிய டவுன் எங்களுடையது. சண்டை வரும்வரை நன்றாகத்தான் சாப்பிட்டோம். மூன்று வேளையும் வெள்ளைச் சோறு, கருவாட்டுக் குழம்பு. சப்பான்காரன் வந்த பிறகு துணிக்கடை மூடியது. கப்பல் நின்றது, ஊரோடு இருந்த தொடர்பெல்லாம் அறுந்தது. அரிசியை அளந்து கொடுத்தார்கள். அதுவும் நாள்பட்டுப் புழுத்த, தீட்டின அரிசி. போதாததற்கு மரவள்ளிக்கிழங்கு. அவித்துத் தின்றோம், அடை தட்டித் தின்றோம், காயவைத்து மாவாக்கிக் களி கிண்டித் தின்றோம். வயிறு நிறைந்தது. உடம்பில் பலம் மட்டும் ஏறவே இல்லை.

இரண்டாம் வருஷம் என் வீட்டுக்காரருக்குக் கால் வீங்க ஆரம்பித்தது. முதலில் பாதம், பிறகு கெண்டைக்கால். விரலால் அமுக்கினால் குழி விழுந்து அப்படியே நிற்கும். வாசல்வரை நடந்தாலே மூச்சு வாங்கும். பகலெல்லாம் சுவரில் சாய்ந்தபடி கண்ணை மூடிக்கொண்டிருப்பார். எங்கள் வரிசை வீடுகளில் இப்படி வீங்கினவர்கள் ஒவ்வொருவராய்ப் போய்க்கொண்டிருந்தார்கள். ஆஸ்பத்திரியில் கட்டுப்போட்டு மருந்து கொடுக்கிற தமிழ் டிரெஸ்ஸர் பார்த்துவிட்டு, இது பெரிபெரி என்றார். அவரிடம் மருந்து இல்லை. தீட்டாத அரிசி, பயறு, கீரை, இவைதான் மருந்து என்றார். கீரைக்கு முருங்கை இருந்தது. பயறு எப்போதாவது ஒரு பிடி கிடைத்தது. தீட்டாத அரிசிக்கு எங்கே போவேன்? விளைந்ததைச் சப்பான்காரன் அள்ளிக்கொண்டதால், நெல் விளைகிற சீமையில் இருந்துகொண்டு நெல்லைக் கண்ணால் பார்க்க முடியவில்லை.

ஆ லான் பன்றி வளர்த்தாள். அவளுடைய அண்ணன் ஒரு நெல் மில்லில் வேலை செய்தான். ஒருநாள் காலையில் அவள் ஒரு பால் டின் நிறையத் தவிடு கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள். "டெடாக். மக்கான்," என்றாள். டெடாக் என்றால் தவிடு, மக்கான் என்றால் சாப்பாடு. என்னிடம் இரண்டு கோழிகள் இருந்தன. தீனி இல்லாமல் அவை வாடுவதைப் பார்த்து இரக்கப்பட்டுக் கொடுக்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன். நன்றி சொல்லிவிட்டு, அவள் கண்ணெதிரிலேயே தவிட்டில் தண்ணீர் தெளித்துப் பிசைந்து கோழிகளுக்குப் போட்டேன். அவள் முகம் போன போக்கைச் சொல்ல முடியாது. வேலியைத் தள்ளிக்கொண்டு ஓடிவந்து கோழிகளை விரட்டினாள். சீன பாஷையில் என்னென்னவோ சொன்னாள். நேரே வீட்டுக்குள் போய், சுவரில் சாய்ந்திருந்தவரின் காலில் கட்டைவிரலை வைத்து அமுக்கி, விழுந்த குழியை எனக்குக் காட்டினாள். பிறகு டின்னின் அடியில் ஒட்டியிருந்த தவிட்டை வழித்துத் தன் வாயில் போட்டு விழுங்கினாள். "லாக்கி சாயா," என்று தன் நெஞ்சைத் தொட்டுச் சொன்னாள். என் புருஷன் என்று அர்த்தம். கையை மண்ணை நோக்கித் தாழ்த்திக் காட்டினாள். அவள் கைம்பெண் என்பது எனக்குத் தெரியும். அவனும் கால் வீங்கித்தான் போனான் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

மறுநாள் இன்னொரு டின் கொண்டுவந்தாள். நான் அதைச் சலித்து, வெறும் சட்டியில் இளஞ்சூட்டில் வறுத்தேன். வறுபடும்போது எழுந்த வாசனையில் என் கை அப்படியே நின்றுவிட்டது. கம்பு குத்தும்போது உரலைச் சுற்றி எழுமே, அதே பச்சை மணம். கடல் தாண்டி வந்த பிறகு அந்த வாசனை என் மூக்கில் ஏறியது அன்றுதான். அடுப்பின் முன்னால் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதேன். பிறகு தென்னைவெல்லத்தைக் கரைத்து ஊற்றிப் பிசைந்து, உருண்டை பிடித்து அவரிடம் கொண்டுபோனேன். வாங்கி முகர்ந்து பார்த்தார்.

"மாட்டுக்குக் கழனித்தண்ணியில கலக்குறத எனக்குத் தாரியா?" என்றார். கோபம்கூட இல்லை அந்தக் குரலில். இந்த நிலைக்கு வந்துவிட்டோமே என்கிற தளர்ச்சிதான் இருந்தது.

நான் ஒரு உருண்டையை என் வாயில் போட்டுக்கொண்டேன். தொண்டையைக் கரகரவென்று அறுத்துக்கொண்டு இறங்கியது. அவர் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டுத் தாமும் ஒன்றை எடுத்துக்கொண்டார். அன்றிலிருந்து காலையில் தவிட்டு உருண்டை, மத்தியானம் முருங்கைக்கீரையோடு கிடைத்த சோறு, சாயங்காலம் தவிட்டுக் கஞ்சி. பயறு கிடைத்த நாளில் முளைகட்டி, தேங்காய் கீறிப் போட்டுக் கொடுத்தேன். வீக்கம் மெல்ல மெல்ல வடிந்தது. காலை அமுக்கிப் பார்ப்பதே எனக்கு வழக்கமாகிப் போயிற்று. ஒருநாள் குழி விழவில்லை. அதை முதலில் ஆ லானிடம் ஓடிப்போய்த்தான் சொன்னேன். வாயில் தமிழ்தான் வந்தது. அவள் புரிந்துகொண்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

சண்டை முடிந்து, கப்பல் ஓட ஆரம்பித்து, ஒருவழியாக ஊருக்குப் போனோம். விருதுநகரில் ரயிலை விட்டு இறங்கியதுமே என் வீட்டுக்காரருக்குக் கம்பங்கஞ்சி நினைப்புத்தான். பரளச்சியில் என் அண்ணன் வீட்டில் இலை போட்டார்கள். மதினி வெள்ளை வெளேரென்ற சோற்றைக் குவித்து, கோழிக்குழம்பை ஊற்றினாள். ரேஷன் காலம் அது. அந்த அரிசிக்காக அண்ணன் மல்லாங்கிணறுவரை போய் யார் யாரையோ கெஞ்சி வாங்கி வந்திருக்கிறார். அக்கரையிலிருந்து வருகிறவர்கள் முன்னால் கம்மஞ்சோற்றை வைப்பது கௌரவக் குறைச்சல் என்று, கஞ்சிப்பானையை அடுப்படி மூலையில் சாக்குப் போட்டு மூடி வைத்திருந்தார்கள். இது எதுவும் தெரியாமல் இவர் வாய்விட்டுக் கேட்டுவிட்டார்.

"தங்கச்சி, கொஞ்சம் கம்பங்கஞ்சி இருந்தா ஊத்தும்மா."

மதினியின் முகம் சுருங்கிப் போயிற்று. சமையலில் குறை கண்டுபிடிக்கிறார், இல்லையென்றால் எங்கள் வறுமையைக் குத்திக் காட்டுகிறார் என்று அவளுக்குப் பட்டிருக்க வேண்டும். அண்ணனும் தலையைக் குனிந்துகொண்டார். அப்புறம்தான் நான் எல்லாவற்றையும் சொன்னேன். கால் வீங்கினதை, கோழிக்குப் போட்ட தவிட்டை, உருண்டை பிடித்ததை. மதினி கரண்டியைக் கையில் பிடித்தபடியே கேட்டுக்கொண்டு நின்றாள்.

"அம்புட்டுத் தூரம் போயி மாட்டுத் தவிட்டயா தின்னீக?" என்றாள். கண் கலங்கிவிட்டது. சாக்கை நீக்கிப் பானையைக் கொண்டுவந்து அவருக்கு ஒரு கும்பா நிறைய ஊற்றினாள். அவர் குடிப்பதைப் பார்த்துக்கொண்டே, என் காதில் மட்டும் விழும்படி, "எம்பிள்ளைக எப்ப இந்தக் கஞ்சிய விட்டு நெல்லுச்சோறு திங்கும்னு நான் கெடக்கேன். நீங்க இதத் தேடி வாறீக," என்றாள்.

எது உடம்புக்கு நல்லது என்று அவளுக்குச் சொல்ல எனக்கு நா எழவில்லை. மூன்று வேளை கஞ்சியைத் தவிர வேறு எதையும் காணாத அவள் பிள்ளைகள் அன்றைக்கு அந்த வெள்ளைச் சோற்றை எப்படி அள்ளி அள்ளித் தின்றன என்பதை நான்தான் பார்த்தேனே. தீட்டின அரிசியைக் குறை சொல்ல, ஆசை தீர அதைத் தின்று முடித்த எனக்கு என்ன பாத்தியதை?

அங்கேயே இருந்துவிடத்தான் இருவருக்கும் ஆசை. அந்த வருஷமும் மழை ஏமாற்றியது. இவருக்கோ அங்கே வேலை இல்லை. துணிக்கடை திறந்துவிட்டதாகத் தகவல் வந்ததும் மறுபடியும் கப்பலேறினோம். புறப்படும்போது மதினி ஒரு பை நிறையக் கம்பு கட்டிக் கொடுத்தாள். கொஞ்சம் குத்திச் சமைத்தோம். மீதியை இவர் வீட்டுப் பின்னால் கொத்தி விதைத்தார்.

இந்த ஊர் மழைக்கு அது வளர்ந்த வளர்த்தி! நம் கரிசலில் இடுப்பளவு நிற்கிற பயிர் இங்கே ஆள் மறைகிற உயரத்துக்குத் தளதளவென்று போயிற்று. கதிரும் வந்தது. மத்தியானம் தவறாமல் மழையும் வந்தது. பூவெல்லாம் கரைந்தது, கதிர்கள் கறுத்தன. ஆ லான் வந்து பார்த்து இது என்ன என்று கேட்டாள். எனக்கு மலாயில் கம்புக்குப் பெயர் தெரியவில்லை. எங்கள் ஊர் நெல் என்றேன். பதராய் நின்ற கதிரைத் தடவிப் பார்த்துவிட்டு, பாவம் என்கிற மாதிரித் தலையை ஆட்டினாள்.

நேற்று மழை வருவதற்கு முன்னால் இவர் பயிருக்குள் புகுந்து, தேடித் தேடி, கறுக்காத கதிராக ஒன்றை ஒடித்து வந்தார். உள்ளங்கையில் வைத்துக் கசக்கி ஊதினார். உமி பறந்தது. கையில் கொஞ்சம் பச்சை மணிகள் மிஞ்சின. ஒரு வாய்க்குக்கூடக் காணாது. பாதியை என் கையில் கொட்டினார். நின்றபடியே மென்றோம், பால் கட்டியிருந்தது. தூரத்தில் மழை இரைந்துகொண்டு வந்தது. நம் ஊராக இருந்தால் வெளியே ஓடிவந்து அண்ணாந்து பார்த்திருப்போம். இங்கே இருவரும் வீட்டுக்குள் ஓடினோம்.