அறுபத்துமூன்று கிலோவுக்குள்

மருத்துவமனையின் வாசலுக்குள் இருக்கும்வரை மூட்டையக்கா எதையும் வாயில் போடமாட்டாள். பதினான்கு வருஷமாக அப்படித்தான். தண்ணீர் மட்டும் குடிப்பாள். அதையும் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று குடிப்பாள். யாராவது பிறந்தநாள் கேக் நீட்டினால், காகிதத்தில் சுற்றி வீட்டுக்கு எடுத்துப்போய்விடுவாள். புதிதாகச் சேர்ந்தவர்கள் ஏதோ வேண்டுதல் என்று நினைத்துக்கொள்வார்கள். பழையவர்களுக்குக் காரணம் தெரியும். தெரிந்தும் பேசமாட்டார்கள்.

காரணம், முட்டை.

அப்போது அவள் மருத்துவமனைச் சமையலறையில் இருந்தாள். நோயாளிகளுக்கான காலைத் தட்டுகளை வரிசையாக வைத்து நிரப்புகிற வேலை. தொடர்ந்து நாலு நாள் பன்னிரண்டு அவித்த முட்டைகள் குறைந்தன. ஐந்தாம் நாள் காலை சமையலறையின் மேற்பார்வையாளர் வந்து வரிசைக்கு முன்னால் நின்றார். எல்லோரும் மேடம் என்று மட்டுமே கூப்பிடும் பெண்மணி. ஒல்லி உடம்பு, விறைப்பான கழுத்து. பதினோரு பேர் கையில் கரண்டியோடு பார்த்துக்கொண்டிருக்க, அவர் குரலைக்கூட உயர்த்தவில்லை.

"யார் தின்னாங்கன்னு தேடவா வேணும்? மூட்டை மாதிரி கண்ணு முன்னாடி நிக்குதே. இதுக்கு மேல என்ன சாட்சி?"

யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். அவள் வாயைத் திறக்கவில்லை. நாலு பேர் முன்னால் பேசச் சொன்னால் நாக்கு ஒட்டிக்கொள்கிற சுபாவம் அவளுக்கு. அந்த வாரமே அவளை அடித்தளத்தில் இருந்த சலவைப் பிரிவுக்கு மாற்றினார்கள். அவள் படியிறங்கிப் போவதற்குள் பெயர் அவளுக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருந்தது.

ஆறு மாதம் கழித்து, விரிப்புகள் வாங்க வந்த குழந்தைகள் வார்டு நர்ஸ் பேச்சுவாக்கில் ஒன்றைச் சொன்னாள். அந்த நாலு நாளும் முட்டைத் தட்டு தவறுதலாக அவர்கள் வார்டுக்கு இரண்டு முறை வந்ததாம். ஐந்தாம் நாள் மத்தியானமே மேடத்திடம் தெரிவித்தாயிற்றாம்.

அப்படியானால் மேடத்துக்குத் தெரியும். அன்றைக்கே தெரியும். தெரிந்தும் வாயை மூடிக்கொண்டு, அவளைப் படியிறங்க விட்டிருக்கிறார். சிரிப்பை அவள் மென்று விழுங்கியிருப்பாள். இது தொண்டையிலேயே நின்றுவிட்டது.

பேருந்து ஓட்டுநரான அவள் கணவர், மேலதிகாரிக்கு எழுதிப்போடச் சொன்னார். அவள் எழுதவில்லை. எட்டாம் வகுப்போடு நின்றவள் எழுதினால் அதற்கும் ஒரு சிரிப்பு கிளம்பும் என்று பயந்தாள். மனதுக்குள் கறுவிக்கொண்டே ஒன்பது வருஷம் ஈரத்துணி தூக்கினாள். இயந்திரத்திலிருந்து வெளியே வரும் விரிப்புச் சுமை ஒவ்வொன்றும் ஐம்பது கிலோ இருக்கும். நாளைக்கு முப்பது சுமை.

மேடம் அந்த வருஷங்களில் வேறொரு புகழும் சம்பாதித்தார். ஊழியர் விளையாட்டு விழாவில் பெண்களுக்கு டெட்லிஃப்ட் போட்டி உண்டு. எடை மாட்டிய கம்பியைத் தரையிலிருந்து தூக்கி நிமிர்ந்து நிற்க வேண்டும், மூன்று வாய்ப்பு. அறுபத்துமூன்று கிலோவுக்கு உட்பட்டவர்கள் ஒரு பிரிவு, மேற்பட்டவர்கள் இன்னொன்று. உட்பட்ட பிரிவில் ஆறு வருஷமாக மேடம்தான் முதல். உணவுக்கூடச் சுவரில் அவர் கோப்பையோடு நிற்கும் படம் மாட்டியிருந்தது.

சலவைப் பிரிவுக்குப் பக்கத்து அறைக்கு இயன்முறை சிகிச்சை தரும் ஒரு பிசியோ பெண் புதிதாக வந்தாள். இரண்டு ஆண்கள் முக்கிக்கொண்டிருந்த சுமையை மூட்டையக்கா தனியாக எடுத்து வண்டியில் போட்டதைப் பார்த்து நின்றுவிட்டாள். முதுகை வளைக்காமல் தூக்க யார் கற்றுக்கொடுத்தது என்று கேட்டாள். ஈரத்துணிதான் என்றாள் அக்கா.

பிசியோ அவளை எடைப் பலகையில் ஏற்றினாள். எழுபத்தொன்று. மேல் பிரிவில் இரண்டே பேர்தான் கலந்துகொள்கிறார்கள், கண்ணை மூடிக்கொண்டு ஜெயிக்கலாம் என்று ஆசை காட்டினாள்.

"அந்தக் கோப்பை எனக்கு எதுக்கு?" என்றாள் அக்கா. "அறுபத்துமூணுலதான் அவங்க இருக்காங்க."

கதை முழுவதும் அப்போதுதான் வெளியே வந்தது. கேட்டுவிட்டு பிசியோ, ஒரு நாளில் எப்போது எப்போது சாப்பிடுகிறாள் என்று விசாரித்தாள். ராத்திரி எட்டுக்கு ஒருமுறை, மறுநாள் வேலை முடிந்து மூன்றுக்குத்தான் அடுத்தது.

"பதினாறு மணி நேரம் வயித்தைக் காயப்போட்டு, மீதி எட்டு மணி நேரத்துல சாப்பிடறதை ஊரெல்லாம் காசு குடுத்துக் கத்துக்குது. நீங்க வீம்புக்கே பத்தொன்பது மணி நேரம் இருக்கீங்களேக்கா."

ஆனால் வீம்பு மட்டும் போதாது, உடம்பு கரையும்போது பலமும் சேர்ந்து கரையக்கூடாது என்றாள். பதினொன்றரைக்கு முதல் சாப்பாடு, ஏழரைக்குக் கடைசி. நடுவில் வயிறு நிறைய முட்டை, மீன், பயறு. வாரம் மூன்று நாள் வேலை முடிந்ததும் இரும்பு தூக்கும் பயிற்சி. வளாகத்துக்குள் சாப்பிட முடியாது என்பதில் மட்டும் அக்கா அசையவில்லை. அதனால் இடைவேளையில் வாசலைத் தாண்டிப் போய், பேருந்து நிறுத்தத்தின் பின்னால் நின்று சாப்பிட்டுத் திரும்பினாள்.

கணவர் காலையில் முட்டை உரித்துக் கொடுப்பார். "கோழிங்களுக்கு விஷயம் தெரிஞ்சா கூட்டமா ஊரை விட்டுப் போயிடும்" என்பார். அவள் சிரிக்கமாட்டாள். ஒவ்வொரு முட்டையையும் மேடத்தின் முகத்தைப் பார்த்துக்கொண்டு தின்பதுபோலத் தின்றாள்.

மூன்றாம் மாதம் எடை அறுபத்தேழில் நின்றுவிட்டது. அவளுக்குப் பொறுக்கவில்லை. பிசியோவிடம் சொல்லாமல் பகல் சாப்பாட்டை நிறுத்தினாள். எடை மளமளவென்று இறங்கியது. ஆனால் போன மாதம் தூக்கிய எண்பது கிலோ தரையோடு ஒட்டிக்கொண்டது. மாதவிலக்கு வரவில்லை. ஒருநாள் உலர்த்தும் இயந்திரத்தின் முன்னால் கண் இருட்டி, வண்டியோடு சாய்ந்தாள்.

பிசியோ தண்ணீர் தெளித்து உட்காரவைத்தாள். விஷயம் தெரிந்ததும் முகம் மாறியது.

"கோபம் அவங்க மேல. எதுக்குக்கா உங்க வயித்துல காட்டறீங்க? அவங்க மூணு வேளையும் நல்லாத் தின்னுட்டு ஜம்முனுதான் இருக்காங்க."

அது சுருக்கென்று தைத்தது. அன்றிலிருந்து ஒரு வேளையைக்கூட விடவில்லை. எடை மெதுவாக, மாதத்துக்கு அரைக்கிலோ, முக்கால் கிலோ என்று இறங்கியது. மாதவிலக்கு திரும்ப ஒழுங்காயிற்று. எண்பது எழுந்தது, பிறகு தொண்ணூறு.

போட்டி நாள் வந்தது. வெளியே ஒரு வாடகை அரங்கம். எடைப் பலகையில் அக்கா அறுபத்திரண்டு புள்ளி ஏழு. அடுத்து மேடம் ஏறினார். அறுபத்துமூன்று புள்ளி நாலு. எடையைக் குறைக்க ஒரு மணி நேரம் அவகாசம் கொடுத்தார்கள். பிளாஸ்டிக் மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு மேடம் படிக்கட்டில் ஏறி இறங்கி, அறுபத்திரண்டு புள்ளி ஒன்பதோடு வந்தார். இரண்டு நாளாகச் சோறும் இல்லை, தண்ணீரும் இல்லை என்று பக்கத்தில் யாரிடமோ முனகினார்.

அக்கா மூலையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். உதடு வெடித்திருந்தது. சட்டைப் பொத்தானை விரல் தேடித் தேடித் தவறவிட்டது. இந்த உடம்பு இன்றைக்கு எண்பதைக்கூடத் தரையிலிருந்து பிரிக்காது. அது அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

முதலில் நெஞ்சுக்குள் கற்கண்டு கரைந்தது. விழட்டும். எல்லோரும் பார்க்க, கம்பியின் மேலேயே குப்புற விழட்டும். முன்வரிசையில் சமையலறை ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். அன்று சிரித்த பதினோரு பேரில் எட்டுப் பேர் இன்னும் அங்கேதான் வேலை பார்த்தார்கள். அவர்களைப் பார்த்ததும் கற்கண்டு கசந்தது. நாளைக்கு இவர்கள் என்ன பேசுவார்கள்? பாவம், மேடம் சாப்பிடாமல் இருந்து தோற்றுப்போனார் என்பார்கள். பத்து வருஷம் அவள் காத்திருந்தது, வெறும் பட்டினி வந்து ஜெயித்துவிட்டுப் போகவா?

தூக்க இன்னும் ஒன்றரை மணி நேரம் இருந்தது. தன் டப்பாவை எடுத்தாள். நாலு முட்டை, மூன்று வாழைப்பழம், உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீர். பாதியை எடுத்து வைத்துக்கொண்டு, மீதியை முன்வரிசையைக் கடந்து கொண்டுபோய் மேடத்தின் மடிக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"சாப்பிடுங்க."

மேடம் நிமிர்ந்தார். "எனக்கா? எதுக்கு?"

"பட்டினியால தோத்தேன்னு நாளைக்குச் சொல்லக்கூடாது. வயிறு நிறையச் சாப்பிட்டுட்டு வந்து தோக்கணும் நீங்க."

மேடத்தின் கழுத்து விறைத்தது. பிறகு கை தானாகவே முட்டையை எடுத்தது. இரண்டு கடியில் ஒன்று காணாமல் போயிற்று. அக்கா நகராமல் அங்கேயே நின்று ஒவ்வொரு வாயையும் பார்த்தாள். முன்வரிசையும் பார்த்தது.

"மெதுவாச் சாப்பிடுங்க மேடம்," என்றாள், முன்வரிசைக்குக் கேட்கும்படி. "இங்க யாரும் முட்டையை எண்ணலை."

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

சாப்பாடு வேலை செய்தது. மேடம் எண்பத்தைந்து தூக்கினார், தொண்ணூற்றிரண்டரை தூக்கினார், கடைசியில் தொண்ணூற்றேழரை. அவர் வாழ்நாளிலேயே அதுதான் அதிகம். அக்கா இரண்டாவது முறையில் தொண்ணூற்றைந்தில் நின்றாள். பிசியோ தலையில் கைவைத்துக்கொண்டு, சோறு போடச் சொல்லி உங்களிடம் யார் அழுதது என்றாள். அக்கா நூறு மாட்டச் சொன்னாள். பயிற்சியில் ஒருமுறைகூட எழுந்திராத எடை.

கம்பி முதலில் அசையவில்லை. பிறகு வளைந்தது. தரையை விட்டுப் பிரிந்து, முழங்காலுக்குக் கீழே வந்து முரண்டுபிடித்தது. அவள் மேடத்தைப் பார்க்கவில்லை, முன்வரிசையைப் பார்த்தாள். எட்டு முகத்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே முதுகை நிமிர்த்தினாள். நடுவர் கையை இறக்கிய பிறகும் கம்பியைக் கீழே வைக்காமல் இன்னும் ஒரு நொடி நின்றாள். அந்த ஒரு நொடி முழுக்க முழுக்க அவளுடையது.

மூன்றாம் நாள் மேடம் சலவைப் பிரிவுக்கு இறங்கி வந்தார். அதற்குமுன் ஒருநாளும் வந்ததில்லை. அக்கா விரிப்பை இஸ்திரி உருளைக்குள் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"அன்னைக்கு அந்த முட்டை விஷயத்துல நான் கொஞ்சம்..."

"இங்க என்னைத் தவிர யாரும் இல்லையே மேடம்," என்றாள் அக்கா. "பதினோரு பேர் முன்னாடி சொன்னீங்க. அங்கேயே போய்ச் சொல்லுங்க."

 மேடம் படியேறிப் போனார்.

இது நடந்து நாலு வருஷமாகிறது. மேடம் இன்னும் சமையலறையில் அதைச் சொல்லவில்லை. ஆனால் போட்டியிலிருந்தும் விலகவில்லை. விலகினால் பயந்துவிட்டதாகப் பேச்சு வரும். நாலு முறை மோதியிருக்கிறார்கள், நாலு முறையும் அக்காதான். உடம்பை இப்படி ஒடுக்கிவைக்காமல் மேல் பிரிவுக்குப் போனால் நூற்றிருபது தூக்கலாம், வெளிப் போட்டிகளுக்கும் போகலாம் என்று பிசியோ வருஷா வருஷம் சொல்கிறாள். அக்கா கேட்பதாக இல்லை. இன்று காலை அவள் எடை அறுபத்திரண்டரை. மேடம் ஓய்வுபெற இன்னும் மூன்று வருஷம் இருக்கிறது.