கண்டெய்னர் வரிசையில் ஒரு மாப்பிள்ளைப் பரீட்சை

என் அப்பாவுக்குக் காட்டுப்பள்ளித் துறைமுகத்துக்கு டிரெய்லர் ஓட்டுகிற வேலை. வேலை என்றால் ஓட்டுவது கொஞ்சம், கண்டெய்னர் வரிசையில் நிற்பது மிச்சம். திருவொற்றியூரைத் தாண்டினால் எண்ணூர் வரைக்கும் வண்டிக்குப் பின்னால் வண்டி. மனிதர் பாதி ஆயுசை ஸ்டியரிங்கில் சாய்ந்தே கழித்துவிட்டார். அதனால் காதல் பற்றி எனக்கு அவர் சொன்ன புத்திமதியும் அந்த வரிசையிலிருந்துதான் வந்தது.

நான் மொட்டை மாடியில் நின்று போனில் குசுகுசுவென்று பேசுவதை அம்மா போட்டுக்கொடுத்துவிட்டாள். அப்பா வாளித் தண்ணீரில் காலை ஊறவைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார். பையன் யார், என்ன சாதி, என்ன சம்பளம், ஒன்றும் கேட்கவில்லை.

“லவ் பண்ணு பாப்பா, வேணாங்கல. ஆனா பீச்சுல வெச்சிப் பாத்துட்டு முடிவு பண்ணாத. பீச்சுல காத்து வருது, சுண்டல் கீது, அங்க எவனும் நல்லவன்தான். நம்ம ரோட்டாண்ட இட்டாந்து கண்டெய்னர் லைன்ல நிக்க வெச்சிப் பாரு. வெயிலு, தூசி, ஆரன் சத்தம். அதுல ஒரு மனுசன் எப்டி கீறானோ, அப்டித்தான் வூட்லயும் இருப்பான்.”

“இத எங்கப்பன் எனக்குச் சொல்லாம பூட்டாரே” என்றாள் அம்மா, நறுக்குகிற வெங்காயத்திலிருந்து தலையைத் தூக்காமல்.

பையன் வீட்டார் தூத்துக்குடிப் பக்கம். ராயபுரத்தில் பருப்பு மொத்த வியாபாரம். அவர் என்னை ‘நீங்க’ என்றுதான் கூப்பிடுவார், அதிர்ந்து பேசமாட்டார். அவரிடம் இரண்டு வருடமாக நான் பேசிய தமிழை எங்கள் தெருவில் யாராவது கேட்டிருந்தால் எனக்குக் காய்ச்சல் என்று நினைத்திருப்பார்கள். ‘கீது’ தொண்டைவரை வரும், அதை விழுங்கிவிட்டு ‘இருக்கு’ என்பேன். எங்கள் பேச்சைச் சினிமாவில் வைத்துச் சிரிக்கிறார்கள். இவரும் சிரித்துவிட்டால் என்ன செய்வது என்று பயம். அவரை இழக்கிற தெம்பு எனக்கு இல்லை.

எண்ணூர் முகத்துவாரம் பார்க்கலாம் என்று ஒரு பகல் வேளையில் அவரை என் ஸ்கூட்டரில் பின்னால் உட்காரவைத்துக் கூட்டிப்போனேன். எரணாவூர் பக்கம் வசமாக மாட்டினோம். முன்னால் டிரெய்லர், பின்னால் டிரெய்லர், தலைக்கு மேல் உச்சி வெயில். கண்ணாடி வழியாக அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். சலிப்பு இல்லை, உச்சுக்கொட்டல் இல்லை. கர்ச்சீப்பால் வேர்வையைத் துடைத்துவிட்டு, “மெதுவாப் போவோம், என்ன அவசரம்” என்றார். தங்கம் என்று நினைத்துக்கொண்டேன்.

அப்போதுதான் ஒரு கார்க்காரர் தப்பான பக்கமாக நுழைந்து என் ஸ்கூட்டரை இடித்தார். இடித்ததும் இல்லாமல், பொம்பளைங்களை யார் வண்டி ஓட்டச் சொன்னது என்று கண்ணாடியை இறக்கிக் கேட்டார்.

“இன்னாடா சொன்ன? ராங் சைடுல வந்து இட்ச்சிட்டு பேச்சு வேறயா? மூஞ்சப் பாரு, சோமாரி. ரிவர்ஸ் எடு, இல்ல சாவிய புடுங்கி கால்வாய்ல கடாசிடுவேன்.”

இது ஆரம்பம்தான். மீதியை அச்சில் போட முடியாது. அந்த ஆள் ரிவர்ஸ் எடுத்துக்கொண்டு ஓடினார். மேலே டிரெய்லரிலிருந்து ஒரு டிரைவர் தலையை நீட்டி, “நீ நம்ம அண்ணன் பொண்ணுதானே? சவுண்ட கேட்டதும் சொல்ட்டேன்” என்றார்.

முகத்துவாரம் பார்க்காமலே வண்டியைத் திருப்பினேன். அவர் ராயபுரத்தில் இறங்கி, “அப்புறம் பேசுறேன்” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

நான் வீடு சேர்வதற்குள் சேதி அப்பாவுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. சிரித்துக்கொண்டே வாசலுக்கு வந்தவர் என் மூஞ்சியைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தினார்.

“அவரு பாஸாயிட்டாரு நைனா. நான்தான் ஃபெயிலு” என்று சொல்லி ஓவென்று அழுதேன்.

அப்பா தலையைச் சொறிந்தார். “அவன பாருன்னு சொன்னேன். அவனும் உன்ன பாப்பானேன்னு எனுக்குத் தோணவே இல்ல பாப்பா.”

“இந்த மனுசன் பேச்சக் கேட்டுப் போனியே, உன்னச் சொல்லணும்” என்று அம்மா என்னைத் திட்டிவிட்டு அவரை முறைத்தாள்.

மறுநாள் முழுக்க போன் வரவில்லை. சோறு இறங்கவில்லை எனக்கு. அதற்கடுத்த நாள் காலையில் வந்தது. வேலைக்குக் கிளம்பிய அப்பா, சட்டைப் பொத்தான் போடுகிற சாக்கில் என் பக்கத்திலேயே நின்றுகொண்டார்.

“எரணாவூர்ல வண்டி ஓட்டுனாங்கல்ல, அவங்க இருக்காங்களா?” என்றார் அவர் போனில்.

“நான்தாங்க.”

“இல்லைங்க, நீங்க டீச்சர் மாதிரி பேசுவீங்க. எங்க தப்பாப் பேசிருவேனோன்னு ரெண்டு வருசமா எனக்கு வேர்த்துக் கொட்டுது. எனக்கு அவங்களத்தான் புடிச்சிருக்கு. எங்க அம்மாகிட்டயும் அவங்களப் பத்தித்தான் சொல்லிருக்கேன். கொஞ்சம் கூப்பிடுங்க.”

அப்பாவின் கை பொத்தானிலேயே நின்றது. அவர் என் முகத்தையே பார்த்தார். நான் தொண்டையைச் செருமிக்கொண்டேன்.

“நாந்தான் பேசிகினு கீறேன். இன்னா இப்போ?”